இல்லத்துப் பொருள்களில் மறைந்திருப்பவை

சவர்க்காரம், பற்பசை, தீந்தை, மெத்தைக் கதிரை, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் ஆகியவை இல்லாத வீடு அரிது. இவற்றில் அடங்கிய இரசாயனப் பொருள்கள் யாவை என வினவினால், மேலுறையை வாசித்தால் தெரிந்துவிடும் என்றே பலர் கூறுவர். ஆனால், கதிரைக்கு அத்தகைய பட்டியல் பெரும்பாலும் இருப்பதில்லை. சவர்க்கார உறையிலும் 'நறுமணப் பொருள்' என்னும் ஒரே பெயருக்குள் பல பொருள்கள் அடங்கியிருக்கக்கூடும்.

ஆதலால் ஆய்வாளர் உறையை விடுத்துப் பொருளையே சோதிக்கின்றனர். அதன் சிறு பகுதியைக் கரைப்பானில் இட்டு, கரைந்து வருபவற்றை ஆவியாக்கி, நீண்டதொரு நுண்குழாயினூடே செலுத்துவர். அவை வெவ்வேறு நேரங்களில் வெளிவந்து தனித்தனியே பிரியும். பின்னர் மூலக்கூறுகளை இலத்திரன்களால் தாக்கி உடைத்து, துணுக்குகளின் திணிவுகளை அளப்பர். அத்திணிவுகளின் ஒழுங்கு கைரேகை போன்றது. முன்னரே பதிந்துவைத்த ஒழுங்குகளோடு அதனை ஒப்பிட்டுப் பொருளின் பெயரை ஊகிப்பர்.

ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனத்து ஆய்வாளர் 20 வகைகளைச் சேர்ந்த 100 பொருள்களை இவ்வாறு சோதித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். தென்பட்ட அடையாளங்கள் 4,270. அவற்றுள் 1,602க்கே ஊகமாகவேனும் பெயரிட முடிந்தது. தூய மாதிரிகளைக் கொண்டு உறுதிசெய்யப்பட்டவை 119 மாத்திரமே. அந்த 1,602இல் 1,404 பொருள்கள், நுகர்பொருள் இரசாயனங்களுக்கான பொதுப் பதிவேட்டில் முன்னர் இடம்பெறாதவை.

இதைக் கேட்டு நேயர்கள் அஞ்ச வேண்டுமா? ஒரு பொருள் இருப்பது வேறு. அது உடலிற் சேர்வது வேறு. எவ்வளவு உள்ளது, எத்தனை முறை பயன்படுகிறது, எவ்வழியாக உட்புகுகிறது என்னும் மூன்றையும் அறிந்தே அளவைக் கணிக்கலாம். தலைக்கு இடும் சவர்க்காரத் திரவம் சில நிமிடங்களிற் கழுவப்படுகிறது. மேனியிற் பூசும் களிம்போ நாள் முழுதும் தங்குகிறது. ஒரு மில்லிகிராம் உட்சென்றால், 50 கிலோகிராம் நிறையுள்ள தாய்க்குக் கிலோகிராமுக்கு 0.02 மில்லிகிராம், 10 கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்கு அதுவே 0.1 மில்லிகிராம், அதாவது ஐந்து மடங்கு. நிலத்திலே தவழ்ந்து, தூசி படிந்த கையை வாயில் வைப்பதும் அக்குழந்தையே.

கணிப்பைச் சரிபார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனை உதவும். 2003, 2004ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் 2,517 பேரிடம் நடத்திய சோதனையில், கிருமிநாசினிச் சவர்க்காரங்களிற் சேர்க்கப்பட்டுவந்த திரைக்குளோசான் நால்வரில் மூவரிடம் காணப்பட்டது. நீடித்த பாவனைக்கு அது பாதுகாப்பானதென்றோ, சாதாரண சவர்க்காரத்திலும் மேலானதென்றோ உற்பத்தியாளர் நிறுவவில்லை. ஆகவே 2016இல் அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகம் அத்தகைய சவர்க்காரங்களில் அதனையும் வேறு 18 பொருள்களையும் சேர்ப்பதைத் தடுத்தது.

அஞ்சி எல்லாவற்றையும் ஒதுக்குவதும் அறிவன்று. அறியாது எல்லாவற்றையும் நம்புவதும் அறிவன்று. அளந்தறிவதே அறிவு.