வலி மருந்தும் உடலின் எதிர்ச்செயலும்

அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு 10 மில்லிகிராம் மார்ஃபின் ஊசி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் வலி தணிகிறது. அதே மருந்தை அவர் மாதக்கணக்கில் தொடர்ந்தால், முன்பு போதுமானதாக இருந்த அளவு பின்னர் போதாமற் போகும். அளவு இரு மடங்காகலாம், மும்மடங்கும் ஆகலாம். மருந்தின் வீரியம் குறைந்துவிட்டதா? இல்லை. குப்பியில் இருப்பது அதே மார்ஃபின்தான். மாறியிருப்பது அவருடைய உடல். அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காண்போம்.

பூட்டும் சாவியும்

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்ததே அபினி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்ஃபியசின் பெயரையொட்டி அதற்குப் பெயரிட்டார். கோடீன், ஆக்சிகோடோன், டிரமடால், ஃபென்டனில் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவற்றுள் சில செடியிலிருந்து கிடைப்பவை. மற்றவை மனிதன் செய்தவை.

எங்கோ ஒரு செடியில் ஊறும் பால் மனித மூளையில் வேலை செய்வானேன்? 1973-இல் விடையின் ஒரு பாதி கிடைத்தது. இம்மருந்துகள் வந்து பொருந்தும் ஏற்பிகள் நரம்பு செல்களின் மேல் இருப்பதை விஞ்ஞானிகள் கண்டனர். பூட்டு இருந்தால் அதற்குரிய சாவியும் உடலுக்குள்ளேயே இருக்கவேண்டும் அல்லவா? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் ஆகிய இருவரும் பன்றியின் மூளையிலிருந்து என்கெஃபலின் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். வலியைத் தணிக்கும் மருந்தை உடல் தானே செய்துகொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

உடல் தன் சாவியைத் தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், மிகச் சிறிய அளவில் பயன்படுத்துகிறது. வெளியிலிருந்து வரும் மார்ஃபினோ பூட்டு உள்ள இடங்களையெல்லாம் தொடுகிறது. மூளை, தண்டுவடம், குடல் என்று அப்பூட்டுகள் பல இடங்களில் உள்ளன.

சுருள்வில்லைப் போல

மருந்து பொருந்தியதும் நரம்பு செல்லுக்குள் கால்சியம் அயனிகள் நுழைவது குறைகிறது. பொட்டாசியம் அயனிகள் கூடுதலாக வெளியேறுகின்றன. செல்லுக்குள் செய்தி பரப்பும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பொருளும் குறைகிறது. எனவே வலிச் செய்தி அடுத்த செல்லுக்குச் செல்வது தடைப்படுகிறது.

நாள்தோறும் இப்படி அடக்கப்படும் செல் சும்மா இருப்பதில்லை. ஏற்பிகள் மருந்துக்கு முன்போல் இணங்குவதில்லை. சைக்ளிக் ஏ.எம்.பி.யைத் தயாரிக்கும் நொதியும் மும்முரமாக வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரு சுருள்வில்லைக் கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்த அழுத்த எதிர்விசை கூடும். வில் உடனே எதிர்க்கிறது. செல் நாட்கணக்கில் மெல்ல எதிர்க்கிறது. வேறுபாடு அவ்வளவே.

கையைத் திடீரென்று எடுத்தால் வில் துள்ளி எழும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினாலும் அப்படியே. சுருங்கியிருந்த கண்மணி விரிகிறது. கட்டியிருந்த குடல் பேதியாகிறது. மந்தமாக இருந்தவருக்கு உறக்கமே வருவதில்லை. மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்சு, உடல்வலி எல்லாம் சேர்ந்து வருகின்றன. இது ஒழுக்கக் குறைவின் அடையாளம் அன்று. வாரக்கணக்கில் தொடர்ந்து உட்கொண்ட எவருக்கும் நேரக்கூடிய உடற்சார்பு. தீங்கு எனத் தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவது அடிமைத்தனம். இரண்டும் ஒன்றல்ல.

ஆபத்து எங்கே இருக்கிறது?

எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் பழகிவிடுவதில்லை. வலி தணிவதும், அதனுடன் வரும் இன்ப உணர்வும் விரைவில் மங்குகின்றன. குடலோ பழகுவதே அரிது. மலச்சிக்கல் இறுதிவரை நீடிக்கும். எனவேதான் மருத்துவர்கள் தொடக்கத்திலேயே பேதி மருந்தையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

மூச்சை இயக்கும் மூளைத்தண்டு மெதுவாகவே பழகுகிறது. இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் வேகமாக மூச்சுவிடத் தூண்டுவது அதுதான். மருந்து அந்த உணர்வை மழுக்குகிறது. வலிக்காக அளவை ஏற்றிக்கொண்டே போகிறவர், தம்மை அறியாமல் மூச்சு நிற்கும் எல்லையை நெருங்குகிறார். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். சில வாரங்கள் நிறுத்தியிருந்துவிட்டுப் பழைய அளவை மீண்டும் எடுப்பது இன்னும் கொடியது. உடல் பழக்கத்தை இழந்திருக்கும். நேற்றைய அளவே இன்று உயிரைப் பறிக்கலாம்.

நீண்ட நாள் உபயோகம் இனப்பெருக்க ஹார்மோன்களையும் குறைக்கிறது. இதனால் மாதவிடாய் தவறலாம், ஆண்மை குறையலாம், எலும்பு மெலியலாம். சிலருக்கு வலியை உணரும் தன்மையே கூர்மையாகிவிடுகிறது. அதாவது, வலிக்கான மருந்தே வலியை வளர்க்கிறது!

ஒரு நாட்டின் அனுபவம்

1996-இல் அமெரிக்காவில் ஆக்சிகான்டின் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. இதற்கு அடிமையாவோர் மிகச் சிலரே என்று மருத்துவர்களிடம் விளம்பரம் செய்யப்பட்டது. தயாரித்த பர்டியூ நிறுவனம் 2007-இலும் 2020-இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் மாத்திரைக்குப் பழகிய பலர் ஹெராயினுக்கும், கள்ளச்சந்தை ஃபென்டனிலுக்கும் மாறியிருந்தனர். 2021-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகை மருந்துகள் சம்பந்தப்பட்ட மிகையளவால் அங்கே 80,000-க்கும் அதிகமானோர் இறந்தனர்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பயன்தான் என்ன? தீராத முதுகுவலி, மூட்டுவலி உள்ள 240 பேரிடம் அங்கு நடந்த ஓராண்டு ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. அபினி வகை மருந்துகள் சாதாரண வலி மருந்துகளைவிட மேலான பலன் எதையும் தரவில்லை.

அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

அப்படியானால் மார்ஃபினையே ஒழித்துவிடலாமா? கூடாது. புற்றுநோயின் கடும் வலிக்கு அதற்கு நிகரான மருந்துகள் சிலவே. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு அனுமதியுடன் கசகசா பயிராகிறது. இருந்தும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நாட்டு நோயாளிகள் பலர் மார்ஃபின் கிடைக்காமல் துடித்தனர். இக்குறையைப் போக்க 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மறுபுறம், எளிதாகக் கிடைத்துவந்த டிரமடால் 2018-இல் அதே சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

உங்கள் வீட்டில் யாரேனும் இம்மருந்தை நெடுநாள் உட்கொண்டால், அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே முறை. ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவருக்குத் தர வேண்டாம். அழுத்திய சுருள்வில்லிலிருந்து கையை மெல்ல எடுத்தால், அது துள்ளாமல் தன் பழைய நிலைக்குத் திரும்பும். உடலும் அப்படித்தான்.