கடல்நீர்த் தொட்டியில் ஓரா மீன்

புதுச்சேரி நகரத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்துக் கடல் மீன்களை வளர்ப்போர் முதலில் முறையிடுவது பாசியைப் பற்றியேயாம். தொட்டியில் நீர் நிரப்பிச் சில வாரங்களுக்குள் கண்ணாடியிலும் கற்களிலும் மயிர்ப்பாசி படர்ந்துவிடுகிறது. அதைத் தின்று தீர்க்கும் மீன் ஒன்றை வாங்கி விடுவதே எளிய பரிகாரமாகப் பலருக்குத் தோன்றுகிறது. அவ்வாறு வாங்கப்படும் மீன்களுள் ஓரா முக்கியமானது.

ஓரா நம் கடலுக்குப் புதியதன்று. பாக்கு நீரிணை, மன்னார் வளைகுடா, யாழ்ப்பாணக் கடல் ஆகிய இடங்களில் கடற்புல் அடர்ந்த ஆழமற்ற நீரில் இவ்வினத்தார் கூட்டங்கூட்டமாக மேய்வதுண்டு. வாய் முயலின் வாயை ஒத்திருப்பதாலும், பகல் முழுவதும் ஓயாமல் கொறிப்பதாலும் மேனாட்டார் இதற்கு முயல் மீன் என்று பெயரிட்டனர். நம் கரையோரத்து ஓராக்களில் ஒரு வகை ஒரு முழத்திற்கு மேலும் வளரும். அது குழம்புக்கு ஏற்றதேயன்றித் தொட்டிக்கு ஏற்றதன்று. அலங்கார மீன் கடைகளில் ‘பாக்ஸ்ஃபேஸ்’ என்று விற்கப்படுவது மேற்குப் பசிபிக் சமுத்திரத்து இனம். மஞ்சள் உடலும், கறுப்பும் வெண்மையும் கலந்த நீண்ட முகமும் உடையது. இதுவும் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதால் 400 லிட்டருக்குக் குறையாத தொட்டி அவசியம்.

கடல் அருகிலிருப்பது புதுவைவாசிகளுக்கு வசதியே. ஆயினும் கரையில் நின்று குடத்தில் முகந்த நீர் உதவாது. ஊர்க்கழிவு கலந்த நீர் பாசிக்கு எருவிட்டதாகவே முடியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் ஆற்று வெள்ளம் கலந்து, கரையோரக் கடலில் உப்பு குறைந்து நீரும் கலங்கிவிடும். ஆகையால் மழைக்கு முன்பே, படகில் செல்வோரைக் கொண்டு கரைக்கு அப்பாலுள்ள தெளிந்த நீரை எடுத்து, துணியில் வடிகட்டி, மூடிய பீப்பாயில் இரண்டு வாரம் இருட்டில் வைத்திருந்து உபயோகிப்பது நலம். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாகச் சுத்திகரித்த நன்னீரையே ஊற்ற வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு மேலும் மேலும் ஏறும். பவளக் கற்களைக் கடலிலிருந்து எடுத்து வந்து அடுக்குவது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சிமெண்டால் வார்த்த கற்களே போதும்.

இனிப் பாசிக்கு வருவோம். நன்கு பழகிய ஓரா சில வாரங்களில் மயிர்ப்பாசியை மேய்ந்து தீர்த்துவிடும். சில மீன்கள் குமிழ்ப்பாசியையும் தின்னும். செந்நிறமாக வழவழவென்று படரும் படலத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டி பளிச்சென்று தோன்றும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. பாசியைத் தின்றே வாழட்டும் என்று உடையவர் சும்மா இருந்துவிடுகிறார். மேய்ச்சல் தீர்ந்த தரிசில் கட்டிய ஆட்டின் கதியே அம்மீனுக்கும் நேர்கிறது. வயிறு உள்வாங்கி, முதுகு கத்திபோல் மெலிந்து, நோயே இல்லாமல் இறந்துபோகும். சில மீன்கள் பசியினால் பவளங்களைக் கடிக்கவும் தொடங்கும்.

ஆகவே பாசி தீருமுன்பே தினம் இரண்டு மூன்று முறை தழையுணவு கொடுத்துப் பழக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் கஞ்சிப்பாசி போன்ற கடற்பாசியை நன்னீரில் கழுவி, ஒரு கல்லில் கட்டி உள்ளே இறக்கலாம். உப்பிடாத காய்ந்த கடற்பாசித் தாளும் உகந்தது. வெந்நீரில் முக்கியெடுத்த பசலைக்கீரையை எப்போதாவது கொடுக்கலாம். புதிதாக வந்த மீன் சில நாள் மறைந்திருந்து உண்ணாது. பயந்தால் உடலெங்கும் திட்டுத்திட்டாகக் கருமை ஏறும். இதை நோயென்று கருதி மருந்து ஊற்றுவோர் உண்டு; அது வீண் வேலை.

மீன் தின்ற பாசி எங்கும் போய்விடுவதில்லை. அதன் சத்தில் பெரும்பங்கு கழிவாக மீண்டும் நீரில் சேர்கிறது. உணவு மிஞ்சுவதும், ஜன்னல் வெயில் நேராக விழுவதும், நீரை மாற்றாதிருப்பதும் நீடிக்குமாயின் எத்தனை ஓராக்களை விட்டாலும் பாசி திரும்பவே செய்யும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் இதற்குத் தக்க முறை.

ஓராவின் முதுகில் 13, அடியில் 7, வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் 2 ஆக முட்கள் உண்டு, யாவும் விஷமுள்ளவை. இறந்த மீனின் முள்ளும் குத்தும். வலையில் முள் சிக்கிக்கொள்ளுமாதலால் மீனை ஒரு கிண்ணத்தில் நீருடன் முகந்தெடுப்பதே தகும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அரைமணி நேரத்திற்குக் குறையாமல் அவ்விடத்தை அமிழ்த்த வேண்டும். சூட்டினால் விஷத்தின் வேகம் தணியும். குத்தப்படாத கையால் நீரின் சூட்டைப் பார்த்துக்கொள்ளவும். வீக்கமோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே வைத்தியரிடம் செல்க.

தொட்டியை மிஞ்சி வளர்ந்த அயல்நாட்டு ஓராவைக் கடலில் விடலாகாது; கடைக்கே திருப்பித் தருவது நல்லது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்த இரண்டு ஓரா இனங்கள், அதன் கீழ்க்கரைப் பாறைகளில் பல இடங்களைப் பாசியின்றி மொட்டையாக்கியுள்ளன.