குக்கி என்னும் டோக்கன்

நம் சங்கத்தின் கணினிப் பொறுப்பை நான் ஏற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. "அதில் அப்படி என்ன சார் வேலை?" என்று அன்பர்கள் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு நடந்ததைச் சொன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். வீட்டில் இருந்தபடியே அலுவலக சர்வரைக் கவனிக்கும் நம் பிள்ளைகளுக்கும், பிரவுசரில் வங்கிக் கணக்கைத் திறக்கும் பெரியவர்களுக்கும் இது பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

அன்று நான் புனேயில் மகள் வீட்டில் இருந்தேன். இரவு ஒன்பதரை மணிக்குச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். நம் உறுப்பினர் ஒருவரின் தாயாருக்கு அவசர அறுவை சிகிச்சை. ஓ நெகட்டிவ் இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அந்த ஊரில் உறவு என்று யாரும் இல்லை. இரத்த வகைப் பட்டியல் உறுப்பினர் எண் வாரியாகப் பழைய சர்வரில் இருந்தது. தொலைபேசி எண்களோ புது சர்வரில் இருந்தன. இரண்டையும் ஒருசேரத் திறந்தால்தான் யாரை அழைப்பது என்று தெரியும். "பத்து நிமிஷத்தில் சொல்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு சர்வர்களும் வாடகைக்கு எடுத்தவை. அவற்றின் நிர்வாகப் பக்கத்தை உலகம் முழுவதற்கும் திறந்து வைப்பது ஆபத்து. அதனால் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பின் வழியாக, சுரங்கப்பாதை போல, என் மடிக்கணினிக்கே அவற்றைக் கொண்டுவருவேன். லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியில் 8001-ஆம் வாசலில் பழைய சர்வர், 8002-ஆம் வாசலில் புது சர்வர்.

பழையதில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனேன். அடுத்த ஜன்னலில் புதியதிலும் நுழைந்தேன். திரும்பிப் பழையதில் பட்டியலைச் சொடுக்கினால், "பெயரைக் கொடு, கடவுச்சொல்லைக் கொடு" என்று மீண்டும் வாசலில் நிறுத்தியது! மறுபடி நுழைந்தேன். இப்போது புதியது என்னை வெளியே தள்ளியது. கடவுச்சொல்தான் தவறோ என்று பதற்றத்தில் வேறு வேறு கடவுச்சொற்களை அடித்துப் பார்த்தேன். பல முறை தவறியதால் புது சர்வர் என்னைச் சிறிது நேரம் பூட்டியே வைத்துவிட்டது. நாற்பது நிமிடங்கள் போயின.

காரணம் பிறகுதான் புரிந்தது. பிரவுசரும் சர்வரும் பேசும் எச்.டி.டி.பி. முறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு முறை சொடுக்கும்போதும் நாம் அதற்குப் புது ஆள்தான். இந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுலி என்பவர் குக்கியைக் கொண்டுவந்தார். கோயில் வாசலில் செருப்பை வைத்தால் ஒரு டோக்கன் கொடுக்கிறார்கள் அல்லவா? அதே கதைதான். கடவுச்சொல் சரியாக இருந்தால் சர்வர் ஒரு நீண்ட எண்ணை உருவாக்கித் தன் ஏட்டில் குறித்துக்கொண்டு, அதையே குக்கியாக நம் பிரவுசரிடம் தரும். அடுத்த சொடுக்கில் பிரவுசர் அதைக் காட்டும், "ஓ, நீங்களா?" என்று சர்வர் உள்ளே விடும். இந்தத் தொடர்புக்குத்தான் செஷன் என்று பெயர்.

இங்கேதான் சிக்கல். பிரவுசர் குக்கியைப் பத்திரப்படுத்தும்போது முகவரியின் பெயரைப் பார்க்குமே தவிர, வாசல் எண்ணைப் பார்க்காது. குக்கிக்கான 2011-ஆம் ஆண்டு விதிமுறையான ஆர்.எஃப்.சி. 6265-லேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. என் இரண்டு சர்வர்களிலும் ஒரே நிர்வாக மென்பொருள். ஆகவே குக்கியின் பெயரும் ஒன்றே. முகவரியும் லோக்கல்ஹோஸ்ட் என்ற ஒன்றே. இரண்டாவது டோக்கன் வந்ததும் பிரவுசர் முதல் டோக்கனைத் தூக்கி எறிந்துவிட்டது. ஒரு கடையின் டோக்கனை மற்றொரு கடையில் நீட்டினால் செருப்பு கிடைக்குமா?

தீர்வு மிக எளிது. ஒன்றை லோக்கல்ஹோஸ்ட் என்றும் மற்றதை 127.0.0.1 என்றும் திறந்தால் போதும். இரண்டும் அதே கணினிதான் என்றாலும் பிரவுசரின் கணக்கில் வேறு வேறு பெயர்கள். அல்லது ஒன்றைச் சாதாரண ஜன்னலிலும் மற்றதை அந்தரங்க ஜன்னலிலும் திறக்கலாம்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் வாசலுக்கே திரும்பி வந்தால், இந்த வரிசையில் பாருங்கள்:

1. அந்தரங்க ஜன்னலில் முயலுங்கள். அங்கே நுழைய முடிந்தால் பழைய குக்கிதான் குற்றவாளி. அந்தத் தளத்தின் குக்கியை மட்டும் நீக்குங்கள். எல்லாவற்றையும் அழித்தால் மற்ற தளங்களில் இருந்தும் வெளியேறிவிடுவீர்கள்.

2. முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்குகிறதா? 'பாதுகாப்பான வழியில் மட்டும்' என்று முத்திரை இட்ட குக்கியைப் பிரவுசர் சாதாரண எச்.டி.டி.பி. வழியில் அனுப்பாது.

3. ஒரு முறை பெயராலும் மறுமுறை எண் முகவரியாலும் திறக்கிறீர்களா? ஒன்றின் குக்கி மற்றதற்குப் போகாது.

4. கணினியின் தேதியும் நேரமும் சரிதானா? வெகுவாகத் தவறியிருந்தால், குக்கி வந்தவுடனேயே காலாவதியானதாகக் கருதப்படலாம்.

5. இவை எல்லாம் சரி என்றால் சர்வரின் டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க் நிரம்பிவிட்டால் செஷனை எழுத ஏட்டில் இடம் இருக்காது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் வாசலுக்கே திருப்பி அனுப்பும். அப்போது பிரவுசரைத் திட்டிப் பயனில்லை.

இன்னொன்றும் முக்கியம். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் செருப்புக்குச் சொந்தக்காரர்! குக்கியும் அப்படியே. அதைத் திருடியவருக்குக் கடவுச்சொல் தேவையே இல்லை. பிறர் கணினியில் வேலை முடிந்ததும் ஜன்னலை மூடினால் போதாது. 'லாக் அவுட்' கொடுங்கள். அப்போதுதான் சர்வர் தன் ஏட்டில் அந்த எண்ணை அடிக்கும்.

அன்றிரவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, செயலாளர் தம் பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி ஓர் இளைஞரைப் பிடித்துவிட்டார். அவர் இரவோடு இரவாகப் போய் இரத்தம் கொடுத்தார். அந்த அம்மையார் நலமாக இருக்கிறார். பொங்கல் விழாவுக்கும் வந்திருந்தார்.

இப்போது இரத்த வகையும் தொலைபேசி எண்ணும் ஒரே பட்டியலாக ஒரே சர்வரில் இருக்கின்றன. அதோடு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அச்சிட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் அதைத் தம் நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொள்கிறார். உங்கள் வீட்டில் எண்ணோ முகவரியோ மாறியிருந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.