மூன்று நாளாக 43 சதவீதத்திலேயே நிற்கும் பேக்கப்: ஆபீஸ் லேப்டாப்பில் தடை எங்கே?

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு பகுதி வெள்ளத்தில் மூழ்கியபோது, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். பெல்லந்தூர், யமலூர் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, ஆகஸ்ட் 30 மழையில் ஊழியர்கள் மணிக்கணக்கில் சாலையில் சிக்கியதால் 225 கோடி ரூபாய் நஷ்டம் என்று அந்தச் சாலையில் உள்ள நிறுவனங்களின் சங்கம் கர்நாடக முதல்வருக்குக் கடிதம் எழுதியது.

அப்படி ஒரு நாளில் உங்கள் தோள்பையில் இருக்கும் லேப்டாப் நனைந்துபோனால்? வெள்ளம்தான் வரணும்னு இல்லை. பிஜியில் திருட்டு போகலாம், காபி கவிழலாம். 'பேக்கப்தான் ஓடிட்டிருக்கே' என்று தைரியமாக இருப்போம். ஐகானைத் தட்டிப் பார்த்தால் 43 சதவீதம். முந்தாநாள் பார்த்தபோதும் அதே 43தான்.

உடனே நெட்டைத் திட்டுகிறோம். பல நேரம் குற்றவாளி அது இல்லை. ஆனாலும் விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம்.

100 ஜிபி, 22 மணி நேரம்

பிராட்பேண்ட் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். பேக்கப்புக்குத் தேவை அப்லோடு வேகம். 2023-ல் மத்திய அரசு பிராட்பேண்டுக்கான வரையறையை மாற்றி, குறைந்தபட்ச வேகத்தை 2 எம்பிபிஎஸ் ஆக்கியபோதும் டவுன்லோடு வேகத்தைத்தான் சொன்னது. ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் இரண்டும் ஒரே அளவு கிடைக்கும். பழைய கேபிள் இணைப்பாக இருந்தால் அப்லோடு ரொம்பக் குறைவாக இருக்கலாம்.

இன்னொரு குழப்பம், எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். ஃபைல் அளவோ பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, 100 ஜிபி ஃபைல்களை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்ப ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும். அதுவும் வேறு யாரும் நெட்டைத் தொடாமல் இருந்தால். 100 எம்பிபிஎஸ் இருந்தால் இரண்டே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மாலையில் லேப்டாப்பை மூடுகிறீர்கள். மூடினால் ஸ்லீப், ஸ்லீப்பில் பேக்கப் ஓடாது. 22 மணி நேர வேலை மூன்று அலுவலக நாட்களாக இழுப்பது இப்படித்தான். எனவே முதல் பேக்கப் மட்டும் தனி ரகம். அலுவலகத்துக்கு எடுத்துப் போய், லேன் கேபிளில் இணைத்து, சார்ஜரில் போட்டு, ஸ்லீப்பை நிறுத்தி ஓடவிடுங்கள். அதன்பிறகு மாறியவை மட்டும் போகும் என்பதால் சுமை குறைந்துவிடும்.

அளவு கொஞ்சம்தான், எண்ணிக்கை?

டெவலப்பர்கள் இதைக் கவனித்துப் படிக்கவும். 5 ஜிபி வீடியோ ஒன்று சீக்கிரம் போய்விடும். அதே 5 ஜிபி, 50 ஆயிரம் குட்டி ஃபைல்களாக இருந்தால் திணறும். ஒவ்வொரு ஃபைலுக்கும் சர்வரிடம் 'இது உன்னிடம் இருக்கா?' என்று கேட்டு, பதில் வாங்கி, பிறகு அனுப்ப வேண்டும். சர்வர் அமெரிக்காவில் இருந்து, ஒரு கேள்வி-பதிலுக்குக் கால் விநாடி ஆகிறது, ஒவ்வொன்றாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஆயிரம் ஃபைலுக்குக் காத்திருப்பு மட்டுமே மூன்றரை மணி நேரம். நல்ல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் பலவற்றை அனுப்பி இதைக் குறைக்கும். ஆனாலும் மைக்ரோசாஃப்டே ஒன்டிரைவில் 3 லட்சம் ஃபைல்களுக்கு மேல் சிங்க் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

ஒரு நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைத் திறந்து எண்ணிப் பாருங்கள், தலை சுற்றும். கோடு கிட்டில் இருக்கிறது, அந்த ஃபோல்டரை ஒரே கமாண்டில் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். அதை எதற்கு பேக்கப் எடுக்கணும்? விலக்க உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் ஐடி டீமிடம் கேளுங்கள்.

இதற்கு நேரெதிர் தொல்லை அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல். பல ஜிபி இருக்கும், ஒரு மெயில் வந்தாலும் மாறும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பத் தெரியாத மென்பொருள் முழு ஃபைலையும் மறுபடி முதலிலிருந்து ஏற்றும். அவுட்லுக் திறந்திருக்கும்போது ஃபைலே பூட்டப்பட்டிருக்கும் என்பதால் வரிசை அங்கேயே நிற்கலாம். உங்கள் 43 சதவீதத்துக்குக் காரணம் இப்படி ஒரே ஒரு ஃபைலாகவும் இருக்கக்கூடும்.

விபிஎன் என்ற சுற்றுவழி

மாரத்தஹள்ளியிலிருந்து பெல்லந்தூர் போக ஹெப்பால் வழியாகச் சுற்றினால் எப்படி இருக்கும்? சில நிறுவனங்களின் விபிஎன் அதைத்தான் செய்கிறது. உங்கள் ஃபைல் முதலில் வெளிநாட்டில் உள்ள நிறுவன கேட்வேக்குப் போய், அங்கிருந்து கிளவுடுக்குப் போகும். கிளவுட் சர்வர் மும்பையில் இருந்தாலும் இதே கதிதான். கோவிட் காலத்தில், 2020-ல், தன் கிளவுட் சேவைகளுக்கான டிராஃபிக்கை விபிஎன்னுக்கு வெளியே நேராக அனுப்பும்படி மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்தது. ஸ்பிளிட் டனல் என்பார்கள். இதை ஐடி டீம்தான் மாற்ற முடியும், நீங்கள் கைவைக்க வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பவையும் உண்டு. கரண்ட் போன நாளில் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, டேட்டா மிச்சம் பிடிக்க 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று போட்டிருப்பீர்கள். அந்த நெட்வொர்க்கில் ஒன்டிரைவ் தானாக நின்றுவிடும். பேட்டரி சேவரிலும் அப்படியே. ஒன்டிரைவ் செட்டிங்ஸில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்டிங்கில் குரல் வெட்டாமல் இருக்க ஐடி டீமே அந்த வரம்பை வைத்திருக்கலாம். அப்படியானால் இரவில் ஓடவிடுவதே வழி.

இத்தனையும் பார்த்தும் நகரவில்லையா? டிக்கெட் போடுங்கள். 'பேக்கப் ஸ்லோ' என்று மட்டும் எழுதினால் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்றுதான் பதில் வரும். ஸ்பீட் டெஸ்ட்டில் வந்த அப்லோடு எண், அதே சோதனை அலுவலகத்தில் எவ்வளவு காட்டியது, மீதி எத்தனை ஃபைல், எந்த ஃபைலில் நிற்கிறது, டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் உபயோகம் எவ்வளவு என இந்த ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள். நெட்வொர்க் பூஜ்யத்தில் கிடக்க, டிஸ்க்கோ சிபியூவோ 100 சதவீதத்தில் ஓடினால், ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் சோதித்துக்கொண்டிருக்கலாம்.

பொறுமை இழந்து சொந்த கூகுள் டிரைவில் ஏற்றிவிடாதீர்கள். பல நிறுவனங்களில் அது விதிமீறல். ஐடி டீமுக்கு அலர்ட் போனால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

பச்சை டிக் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அலுவலக ஒன்டிரைவ் கணக்கில் அழித்த ஃபைல் வழக்கமாக 93 நாள் ரீசைக்கிள் பின்னில் இருக்கும், அதற்குப் பிறகு கிடைக்காது. உங்கள் நிறுவனம் தருவது சிங்க் மட்டுமா, தனி பேக்கப்பும் உண்டா என்று கேட்டு வையுங்கள். இந்த வாரமே, போன மாதத்து எக்செல் ஒன்றை பிரவுசர் வழியாக இறக்கி, திறக்கிறதா என்று பாருங்கள்.