டிக்கெட்டில் இண்டிகோ, காக்பிட்டில் வெளிநாட்டு பைலட்: ‘டேம்ப் லீஸ்’ என்றால் என்ன?

2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டர், ஆம்ஸ்டர்டாம் நகரங்களுக்கு இண்டிகோ பறக்கத் தொடங்கியது. ஆனால் அந்த போயிங் 787 விமானம் நார்வேயின் நார்ஸ் அட்லாண்டிக் நிறுவனத்துடையது. அதை ஓட்டிய பைலட்களும் அவர்கள் ஆட்கள்தான்.

இதுதான் டேம்ப் லீஸ். விமானம், பைலட், பராமரிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் வாடகையில் வந்துவிடும். கேபின் க்ரூவில் மட்டும் நம்ம ஆட்களும் இருப்பார்கள்.

ஏன் இப்படி? இண்டிகோ பைலட்களில் பெரும்பாலானோர் ஓட்டுவது ஏர்பஸ் ஏ320 ரகம். 787-ஐத் தொடவே தனி ‘டைப் ரேட்டிங்’ வேண்டும். இண்டிகோ ஆர்டர் செய்த பெரிய ஏ350 விமானங்கள் 2027 முதல்தான் வரும் என்பது திட்டம். அதுவரை சும்மா இருந்தால், ஐரோப்பா பயணிகளை வளைகுடா நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போய்விடும்.

அப்போ இங்கே பைலட் வேலை போகுதா? இதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கைநழுவுவது வாய்ப்பு. பெரிய விமானத்தில் சேரும் பறக்கும் நேரம்தான் ஒரு பைலட்டின் அடுத்த வேலைக்கான மூலதனம். அது வெளிநாட்டு பைலட்டின் கணக்கில் ஏறுகிறது.

‘தற்காலிகம்தானே’ என்பார்கள். துருக்கி ஏர்லைன்ஸிடம் இண்டிகோ எடுத்த இரண்டு 777-களைப் பாருங்கள். 2025 மே மாதம் ‘இதுவே கடைசி’ என்று டிஜிசிஏ மூன்று மாதம் கொடுத்தது. ஆகஸ்ட்டில் மறுபடியும் ஆறு மாதம் நீட்டித்தது.