கைத்தடிக்குள் ஒளிந்த பூட்டு

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. வழக்கு என்று வந்தால் அதன்முன் சத்தியம் செய்வது பழைய வழக்கம். உடன்பிறந்தவனின் பொருளை அபகரித்த ஒருவன், அதைக் கைத்தடிக்குள் ஒளித்து, தடியை அவனிடமே பிடிக்கக் கொடுத்துவிட்டு, "அவன் பொருள் என்னிடம் இல்லை" என்று சத்தியம் செய்த கதையை அங்கே சொல்வார்கள். சொல் மெய், சத்தியம் பொய். கணினிகள் கோப்புகளைப் பூட்டும் முறையைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்தத் தடிதான் நினைவுக்கு வரும்.

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டி என்று வைத்துக்கொள்வோம். இருப்புக் கணக்கு சர்வரில் ஒரே கோப்பாக இருக்கிறது. இரண்டு கணக்கர்கள் இரண்டு கணினிகளில் அதைத் திறக்கிறார்கள். இருவர் திரையிலும் 500 மூட்டை. ஒருவர் விற்ற 40 மூட்டையைக் கழித்து 460 என்று சேமிக்கிறார். மற்றவர், வந்து இறங்கிய 30 மூட்டையைச் சேர்த்து 530 என்று சேமிக்கிறார். இருக்க வேண்டியது 490. கடைசியில் எழுதியவர் கணக்கு மட்டும் நிற்கிறது. விற்ற 40 மூட்டை காணாமல் போகிறது.

இதைத் தடுக்கத்தான் பூட்டு. எழுதப்போகும் நிரல் முதலில் பூட்டைக் கேட்டு வாங்கும், படித்துத் திருத்தி எழுதி முடித்ததும் விட்டுவிடும். அதுவரை மற்ற நிரல் காத்திருக்கும். யூனிக்ஸ், லினக்ஸ் உலகில் இது பெரும்பாலும் ஓர் ஒப்பந்தமே. கேட்காமல் எழுதும் நிரலை அது தடுக்காது. கேட்காதவரையும் தடுக்கும் கட்டாயப் பூட்டு லினக்ஸில் இருந்தது. நம்பத்தக்கதாக இல்லாததாலும் பயன்படுத்துவோர் அரிதானதாலும் 2021-இல் 5.15 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள்.

நெட்வொர்க்கில் சிக்கல் கூடுகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் உருவாக்கிய, நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ். முறையின் பழைய பதிப்புகளில், யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்பதைச் சர்வர் நினைவில் வைப்பதில்லை. அதனால் அது நின்று மீண்டும் எழுந்தாலும் பாதகமில்லை. ஆனால் பூட்டு என்பதே நினைவுதான். எனவே பூட்டுக்கென்று தனிச் சேவையைப் பக்கத்தில் ஒட்டவைத்தார்கள். 2000-இல் வெளியான நான்காம் பதிப்பு பூட்டை முறைக்குள்ளேயே கொண்டுவந்து, அதைக் குத்தகை ஆக்கியது. பூட்டை வைத்திருக்கும் கணினி குறித்த காலத்துக்குள் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் அது வழக்கமாக 90 விநாடி. மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் குத்தகை காலாவதியாகிப் பூட்டு அடுத்தவருக்குக் கிடைக்கும். சர்வரே நின்று எழுந்தால், சிறிது நேரம் பழைய குத்தகைதாரர்கள் மட்டும் தங்கள் பூட்டைத் திரும்பப் பெறலாம். புதியவர்கள் பொறுத்திருக்க வேண்டும்.

இனி அந்தக் கைத்தடி. என்.எஃப்.எஸ். முறையின் பழைய பதிப்புகளைக் கொண்டு சர்வரின் கோப்புகளை இணைக்கும்போது, லினக்ஸில் 'நோலாக்' என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால், பூட்டு கேட்கும் நிரலுக்குக் "கிடைத்தது" என்றே பதில் வரும். அந்தக் கணினிக்குள் அது மெய். பக்கத்துக் கணினிக்கோ அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. ஒரே கணினி மட்டும் தொடும் கோப்புக்கு இது சரி. இருவர் எழுதும் கணக்குக்கு இது பொய்ச் சத்தியம். பூட்ட முடியாதபோது முடியாது என்று சொல்லிவிடும் அமைப்பே நல்ல அமைப்பு.

உங்கள் அலுவலகத்தில் பொதுக் கோப்பு இருந்தால் ஒருமுறை சோதியுங்கள். ஒரு கணினியில் பூட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றில் அதே பூட்டைக் கேளுங்கள். அங்கேயும் கிடைத்துவிட்டால், அந்தப் பூட்டை நம்பிக் கணக்கு எழுதாதீர்கள்.