பிடி அரிசியும் பெரிய திரையும்

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையில் காலை வேளையில் போனால் ஒரு காட்சியைக் காணலாம். பட்டாசு ஆலை வேன்கள் கிராமம் கிராமமாக நின்று, தூக்குச் சட்டியும் கையுமாகக் காத்திருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு விரையும். வேன் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள், அந்தப் பெண்களின் குழந்தைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அதிசயந்தான்! ஒரு காலத்தில் தாயும் குழந்தையும் ஒன்றாக வேலைக்குப் போன வட்டாரம் அல்லவா இது? தீக்குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்களுக்காக உச்ச நீதிமன்றமே 1996 டிசம்பரில் தீர்ப்பு அளிக்க வேண்டியிருந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

குழந்தை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. அங்கே அதற்கு என்ன கிடைக்கிறது? அதைப் பார்க்கத்தான், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்து ஒன்றியப் பள்ளிக்குப் போனேன்.

வகுப்பறைச் சுவரில் பெரிய திரை ஒன்று மாட்டியிருந்தது. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கென்று திட்டமிடப்பட்ட 22,931 திறன்மிகு வகுப்பறைகளில் அதுவும் ஒன்று. ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் கொடுப்பதும் அதே சமயத்தில் வந்த ஏற்பாடு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029-க்கு அதற்கு முன்பே கணினி ஆய்வகங்கள் வந்துவிட்டன.

எல்லாம் சரி. ஆனால் அந்தத் திரை இருண்டு கிடந்தது!

"ஐப்பசியிலே ஒரு நாள் இடி இடிச்சுது, சார். அன்னைக்குக் கண்ணை மூடினதுதான்" என்றார் தலைமை ஆசிரியை. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கையிலிருந்த நோட்டைப் பிரித்துத் தேதிவாரியாகப் படித்துக் காட்டினார். இயந்திரம் பழுது என்று தகவல் கொடுத்தார். வந்து பார்த்தவர், "திரையில் கோளாறு இல்லை, சுவருக்குள் ஓடும் வயர்தான் கருகியிருக்கிறது, அது எங்கள் வேலை இல்லை" என்று போய்விட்டார். கட்டிடத்துக்குப் பொறுப்பான இடத்தில் போய்ச் சொன்னால், "கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் கல்வித் துறையைக் கேளுங்கள்" என்றார்கள்.

இரண்டு பேர் சொன்னதும் பொய்யல்ல என்பதுதான் வேடிக்கை! ஒன்றியப் பள்ளி என்பது பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நிற்கும் பெண்ணைப் போன்றது. சுவரும் கூரையும் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஆசிரியர்களோ 1981 முதல் அரசாங்க ஊழியர்கள். திரை வந்ததும் அரசாங்கத் திட்டத்தில். சுவர் ஒருவருடையது, திரை வேறொருவருடையது. நடுவில் ஓடும் வயர் யாருடையது?

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1990-களிலேயே பள்ளிகளைப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விட்டார்கள். கணினி விஷயத்தைக் கவனிக்க 'கைட்' என்ற தனி நிறுவனத்தையும் வைத்துக்கொண்டார்கள். ஜில்லாதோறும் பயிற்சி கொடுக்க ஆட்கள் உண்டு. 2018-லிருந்து மாணவர்களுக்கே பயிற்சி தந்து, தங்கள் பள்ளி இயந்திரங்களைத் தாங்களே பராமரிக்கப் பழக்குகிறார்கள். இயந்திரம் வாங்குவது ஒரு நாள் செலவு, அதைக் காப்பாற்றுவது அன்றாடக் கவலை என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நமக்கு மட்டும் இது தெரியாதா, என்ன? விருதுநகரில் 1889-ல் தோன்றிய க்ஷத்திரிய வித்யாசாலையைக் கேளுங்கள். ஊரார் வீட்டுக்கு வீடு கொடுத்த பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம் அது. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைப் பள்ளிக்கென்று எடுத்து வைத்தவர்கள் யார்? நம்மைப் போன்ற குடும்பங்களின் பெண்கள்தாமே! அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் முதலமைச்சராகி, ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு போட்ட காமராஜர்.

இருண்ட திரைக்கு விமோசனம் கிடைத்ததும் பெண்களால்தான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இந்தப் பள்ளிக் குழுவில் இருந்த தாய்மார்கள், ஆலைக்கு ஒரு நாள் விடுமுறை சொல்லிவிட்டுக் கூடினார்கள். வயருக்கு இன்ன செலவு என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கிராம சபையிலும் படிக்க வைத்தார்கள்.

"ஒரு நாள் கூலி போச்சு, அண்ணாச்சி. போகட்டும்! எங்க கையிலே ஒட்டின மருந்து எம் மக கையிலே ஒட்டக் கூடாதுல்ல?" என்றார் அவர்களில் ஒருவர்.

நான் போயிருந்த அன்றே எலெக்ட்ரீஷியன் வந்து சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார். மதியத்துக்குமேல் திரை விழித்துக்கொண்டது. பூமி சூரியனைச் சுற்றி வருவதைக் கண்ட மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், சங்கு சக்கரம்!" என்று கூவினாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

நகரத்துச் சகோதரிகளே! அடுத்த தடவை வீட்டு வரி கட்டும்போது ரசீதைச் சற்று உற்றுப் பாருங்கள். அதில் கல்வி வரி என்று ஒரு பகுதி இருக்கும். அதுவும் பிடி அரிசிதான். அது எந்தப் பள்ளிக்கூடத்து உலையில் வேகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.